தொட்டி மண்ணும் மஞ்சள் இலையும்

மாடியில் வளரும் எலுமிச்சைச் செடியின் நுனிக்கொழுந்து, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நிற்க, அவற்றிற்கு இடைப்பட்ட பரப்பு முழுவதும் வெளிறி மஞ்சளாகிவிடும்போது, அதனை வளர்ப்பவர் மனத்தில் முதலில் எழும் எண்ணம் செடிக்குப் போதிய உணவு கிடைக்கவில்லை என்பதே. உடனே உரக்கடைக்குச் சென்று கலப்பு உரம் வாங்கி வந்து ஒரு பிடி இடுகிறார்; சில நாள் பொறுத்துப் பார்த்து, மஞ்சள் மாறாதது கண்டு இன்னொரு பிடி இடுகிறார்; கடைசியில் இலைகளின் விளிம்பு கருகத் தொடங்குகிறது. மல்லிகை, ரோஜா, செம்பருத்தி, கறிவேப்பிலை, இட்லிப் பூ என்று வழங்கும் வெட்சி ஆகியவற்றைத் தொட்டியில் வைத்து, ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றி வளர்க்கும் வீடுகளில் இவ்விதம் அன்பின் மிகுதியாலேயே எத்தனையோ செடிகள் அழிகின்றன. சிறிதளவு இரசாயன ஞானம் இருந்தால் தவிர்க்கக்கூடிய இந்தச் சேதத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தொட்டி மண்ணை ஆய்வுச்சாலையில் முழுமையாகப் பகுத்துப் பார்த்தால், செடி எந்தப் பொருளுக்காக வாடுகிறதோ அந்தப் பொருள் அதில் அளவுக்கு மீறிக் கிடப்பது வெளிப்படும். மேற்சொன்ன விதமான மஞ்சள் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவினால் உண்டாவது. பூமியின் மேலோட்டிலோ எடையளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு இரும்பாகவே இருக்கிறது. நம் செம்மண்ணுக்குச் சிவப்பு நிறத்தைக் கொடுத்திருப்பதும் இரும்பின் ஆக்ஸைடுகளே. பத்துக் கிலோ செம்மண் கொண்ட ஒரு தொட்டியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் இரும்பு என்று குறைத்து மதிப்பிட்டாலும் 300 கிராம் ஆகிறது. நல்ல ஆரோக்கியமான செடியின் இலைகளை உலர்த்தி ஒரு கிலோ எடுத்துச் சோதித்தால் அதில் காணப்படும் இரும்பு சுமார் 100 மில்லிகிராம். அதாவது, அந்த ஒரு தொட்டி மண்ணில் அடங்கியிருக்கும் இரும்பு மூவாயிரம் கிலோ உலர்ந்த இலைக்குப் போதுமானது. இவ்வளவையும் காலடியில் வைத்துக்கொண்டு ஓர் எலுமிச்சைக் கன்று இரும்பில்லாமல் வெளிறுகிறதென்றால், குறை இருப்பில் இல்லை, கிடைக்கும் விதத்தில் இருக்கிறது என்பது தெளிவு. இந்த நிலையைத்தான் சத்து முடக்கம் என்று சொல்கிறோம்.

மேலே செல்வதற்கு முன், இலையைப் பார்த்து நோயை அறியும் முறையைச் சுருக்கமாகக் குறிப்பிடுவது அவசியம். ஏனெனில் எல்லா மஞ்சளும் ஒரே மஞ்சள் அல்ல. தழைச்சத்து, மக்னீசியம் முதலிய சில சத்துக்களைச் செடி தன் உடலுக்குள் இடம்விட்டு இடம் மாற்றிக்கொள்ள வல்லது. அவை குறையும் காலத்தில் முதிர்ந்த இலைகளிலிருந்து உருவி எடுத்து இளங்கொழுந்துக்கு அனுப்பிவிடுகிறது. ஆகவே மஞ்சள் அடியிலைகளில் முதலில் தோன்றி மேல்நோக்கிப் பரவும். இரும்பு அப்படிப்பட்டதன்று. ஓர் இலையில் சேர்ந்த இரும்பு பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறது. எனவே வேரிலிருந்து புது வரவு தடைப்பட்டவுடன் அப்பொழுது பிறக்கும் கொழுந்துதான் முதலில் வெளிறுகிறது. கீழே உள்ள பழைய இலைகள் பசுமை குன்றாமல் நிற்கும். மாங்கனீசு, துத்தநாகம் ஆகியவற்றின் குறையும் இளம் இலைகளிலேயே வெவ்வேறு சாயலில் தோன்றும். அடியிலை மஞ்சளா, நுனியிலை மஞ்சளா என்ற ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்ட பிறகு உரக்கடைக்குப் புறப்பட்டால், பாதிப் பிழைகள் நேராமலே போய்விடும்.

இனி, இருக்கும் சத்து எதனால் முடங்குகிறது என்பதைப் பார்ப்போம். மண்ணின் ஈரம் வெறும் தண்ணீர் அன்று. அது பலவித உப்புக்களும் அமிலங்களும் காரங்களும் கரைந்த ஒரு திரவம். அந்தத் திரவத்தில் அமிலம் ஓங்கியிருக்கிறதா, காரம் ஓங்கியிருக்கிறதா என்பதை ஓர் எண்ணால் குறிக்கும் முறையை 1909-ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில், கார்ல்ஸ்பர்க் மதுவாலையைச் சார்ந்த ஆய்வுச்சாலையில் பணியாற்றிய சோரென்சென் என்னும் இரசாயன அறிஞர் வகுத்தார். பி.எச். என்று உலகமெங்கும் வழங்கும் அளவு அதுவே. 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்த அளவில் சாமானியர் கவனிக்கத் தவறும் ஒரு விசேஷம், ஒவ்வொரு படியும் பத்து மடங்கைக் குறிக்கிறது என்பது. 6 என்ற நிலையில் உள்ள மண், 7 என்ற நிலையில் உள்ளதைக் காட்டிலும் பத்து மடங்கு அமிலத்தன்மை உடையது. 5 என்றால் நூறு மடங்கு. ஆகையால், ஆறரைக்கும் எட்டுக்கும் இடையே என்ன பெரிய வித்தியாசம் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

இரும்பின் விஷயத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கடுமையாகிறது. காற்றோட்டமுள்ள மண்ணில் இரும்பு ஃபெர்ரிக் என்னும் நிலையில், துருவோடு ஒத்த ஆக்ஸைடுகளாகவும் ஹைட்ராக்ஸைடுகளாகவும் இறுகிக் கிடக்கிறது. இவை அமிலத்தில் ஓரளவு கரையும். காரத்தில் கரைவது அரிது. பி.எச். அளவு ஒரு படி உயரும்போது, கரைந்து நிற்கும் ஃபெர்ரிக் அயனிகளின் செறிவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகத் தாழ்ந்துவிடுகிறது. ஏழரைக்கும் எட்டரைக்கும் இடைப்பட்ட நிலையில் அந்தச் செறிவு மிகத் தாழ்ந்த எல்லையை எட்டுகிறது. நம் ஊர்களில் சுக்கான் கல் கலந்த நிலங்களும், கிணற்று நீர் ஊற்றிப் பழகிய தொட்டிகளும் பெரும்பாலும் நிற்பது இந்த எல்லையிலேதான்.

மற்றச் சத்துக்களும் இந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டவையே. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையைச் சேர்ந்த எமில் ட்ரூவோக் என்பவர் 1946-இல் வெளியிட்ட ஒரு வரைபடம் இன்றைக்கும் வேளாண்மைப் பாடநூல்களில் இடம்பெற்று வருகிறது. ஒவ்வொரு சத்துக்கும் ஒரு பட்டையாக வரையப்பட்டு, எந்த பி.எச். நிலையில் அது செடிக்கு எளிதாகக் கிடைக்குமோ அங்கே பட்டை அகன்றும், அரிதாகும் இடத்தில் குறுகியும் காட்டப்பட்டிருக்கும். அதனைப் பார்த்தால், மணிச்சத்தாகிய பாஸ்பரஸ், அமிலம் மிகுந்த மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து முடங்குவதையும், காரம் மிகுந்த மண்ணில் சுண்ணாம்போடு பிணைந்து முடங்குவதையும் காணலாம். இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம் எல்லாம் காரம் ஏற ஏறக் குறைகின்றன. மாலிப்டினம் ஒன்று மட்டும் எதிர்த்திசையில் செல்கிறது. எல்லாப் பட்டைகளும் போதிய அகலத்தோடு ஒருங்கே நிற்கும் இடம் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே அமைந்திருக்கிறது. பெரும்பாலான தொட்டிச் செடிகளுக்கு ஆறரையை ஒட்டிய நிலையே உகந்தது என்று தோட்டக்கலை வல்லுநர்கள் சொல்வதன் ஆதாரம் இதுதான்.

ஆனால் செடி இந்த விதியின் கீழ்ச் செயலற்றுக் கிடக்கும் ஜடப்பொருள் அன்று. இரும்பு போதாது என்று உணர்ந்தவுடன் அது செய்யும் முயற்சிகளை அறியும்போது எனக்கு உண்டாகும் ஆச்சரியம் இன்னும் தணிந்தபாடில்லை. ஜெர்மனியில் ஹோகன்ஹைம் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரோமெல்ட், மார்ஷ்னர் என்னும் இருவர் 1986-இல் இந்த முயற்சிகளை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். எலுமிச்சை, மல்லிகை, செம்பருத்தி போன்ற இருவித்திலைத் தாவரங்கள் தம் வேரின் மேற்பரப்பிலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றி, வேரைச் சுற்றியுள்ள மெல்லிய மண்படலத்தை அமிலமாக்குகின்றன. அதனால் சிறிது இரும்பு கரைகிறது. கரைந்த ஃபெர்ரிக் இரும்பை, வேரின் தோலில் அமைந்த ஒரு நொதி ஃபெர்ரஸ் என்னும் எளிய நிலைக்கு மாற்றுகிறது. அதற்கென்றே உள்ள வாயில் வழியாக அது உள்ளே செல்கிறது. புல்லினத்தைச் சேர்ந்த பயிர்கள் கையாளும் உபாயம் வேறு. ஜப்பானியரான தகாகி என்பவர் 1976-இல் ஓட்ஸ், நெல் ஆகியவற்றின் வேர்களைக் கழுவிய நீரில், இரும்பைப் பற்றிப் பிடித்துக் கரைத்துவிடும் ஒருவிதப் பதார்த்தம் இருப்பதைக் கண்டார். புல்லின வேர்கள் இப்பதார்த்தத்தை மண்ணுக்குள் அனுப்பி, அது பற்றிக்கொண்ட இரும்போடு சேர்த்தே அதனைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. இந்த உபாயத்தைக் காரநிலை அவ்வளவாகத் தடை செய்வதில்லை. சுண்ணாம்பு நிலத்தில் எலுமிச்சை வெளிறி நிற்க, அதன் அடியில் புல் பசுமையாக இருப்பதன் இரகசியம் இதுவே.

அப்படியானால் இருவித்திலைத் தாவரத்தின் முயற்சியைத் தோற்கடிப்பது எது? பைகார்பனேட் என்னும் உப்புப் பொருள். வேர் வெளியேற்றும் ஒவ்வொரு ஹைட்ரஜன் அயனியையும் அது அந்த இடத்திலேயே விழுங்கிக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடுகிறது. வேர் எவ்வளவு அமிலத்தைச் சுரந்தாலும் சுற்றுப்புறம் அமிலமாவதே இல்லை. இந்தப் பைகார்பனேட் தொட்டிக்கு எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி மண்ணிலுள்ள சுண்ணாம்பிலிருந்து. மற்றப் பகுதி, தொட்டியைப் பொறுத்தவரை பெரும்பகுதி, நாம் நாள்தோறும் ஊற்றும் நீரிலிருந்து வருகிறது. இந்த இடத்தை வாசகர்கள் சிறப்பாக மனத்தில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் மண்ணைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் ஆயிரம் சொல்கிறவர்கள் நீரைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பாறையினூடே ஊறி வரும் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் பைகார்பனேட்டுகள் கரைந்திருக்கின்றன. அத்தகைய நீரைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்புதான். அடுப்பு செய்யும் அதே காரியத்தைத் தொட்டியில் வெயில் செய்கிறது: நீர் ஆவியாகிறது, கரியமில வாயு வெளியேறுகிறது, கால்சியம் கார்பனேட் மண்ணில் தங்கிவிடுகிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரச் சுமை உள்ள கிணற்று நீரை நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வீதம், அடியில் ஒழுகாமல் ஊற்றி வந்தால், ஓராண்டில் ஏறத்தாழ 110 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரத்தை அந்தத் தொட்டிக்குள் செலுத்தியிருப்போம். பத்துக் கிலோ மண்ணில் இது நூற்றுக்கு ஒரு பங்குக்கும் மேல். நிலத்தில் நட்ட மரத்துக்கு இவ்விபத்து இவ்வளவு விரைவாக நேர்வதில்லை; அங்கே மண்ணின் ஆழம் அதிகம், மாரிக்காலத்து மழை உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடுகிறது, வேரும் வேறிடம் தேடிச் செல்கிறது. தொட்டியின் சுவர்களுக்குள் அடைபட்ட வேருக்கு அந்த வசதி கிடையாது.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் பலர் ஏமாறுவார்கள். நீரின் பி.எச். வேறு, அதன் காரச் சுமை வேறு. ஏழரை என்று அளவுகோல் காட்டும் இரண்டு நீர்களில் ஒன்று மிகக் குறைந்த பைகார்பனேட் உடையதாகவும், மற்றது பத்து மடங்கு உடையதாகவும் இருக்கலாம். முன்னது மண்ணை ஒன்றும் செய்யாது. பின்னது ஓரிரு ஆண்டுகளில் மண்ணின் தன்மையையே மாற்றிவிடும். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வருவதால் ஏறத்தாழ 5.6 என்ற இலேசான அமில நிலையில் இருக்கிறது. அதில் காரச் சுமை அநேகமாக இல்லை. ஆகவே நீரைச் சோதிக்கக் கொடுக்கும்போது பி.எச். மட்டும் கேட்காமல், கார்பனேட், பைகார்பனேட் அளவையும் மொத்த உப்பின் அளவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மாவட்டந்தோறும் உள்ள மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் பரிசோதிக்கிறார்கள்.

வேறு சில வரவுகளும் உண்டு. குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் நீரை வீணாக்கலாகாது என்ற நல்லெண்ணத்தால் செடிகளுக்கு ஊற்றுகிறவர்கள் பலர். பாதி நீர் குடிநீராகப் பிரிந்தால், எஞ்சிய பாதியில் உப்புக்கள் அநேகமாக இரட்டிப்பாகச் செறிந்திருக்கும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. தரை கழுவவும் கழிப்பறைக்கும் அந்த நீர் உதவட்டும். புதிய சிமெண்டுத் தொட்டிகளின் சுவரிலிருந்து சில காலம் சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். அடுப்புச் சாம்பல் காரமானது. முட்டையோடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கார மண்ணுக்கு இவற்றை எரு என்று எண்ணி இடுவது வியாதியை விலைக்கு வாங்குவதேயாகும். எலும்புத் தூளைத் தாராளமாக இடுவதும் நல்லதன்று. மிதமிஞ்சிய பாஸ்பரஸ் துத்தநாகமும் இரும்பும் செடிக்குப் பயன்படுவதைக் குறைக்கிறது. சுண்ணாம்பு கலந்த மண் இடைவிடாது நனைந்திருந்தால், வேர் மூச்சுவிடும் கரியமில வாயு வெளியேற வழியின்றித் தேங்கி, மண்ணீரில் பைகார்பனேட்டை இன்னும் பெருக்குகிறது. அடைமழைக்குப் பின் திடீரென்று கொழுந்துகள் வெளிறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்பொழுது வேண்டியது உரம் அன்று, தொட்டியின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பதே.

நம் சமவெளியில் காரமே பெரும் பகை என்றாலும், எதிர்க்கோடியையும் சொல்ல வேண்டும். அமோனியம் சல்பேட்டைச் செடி உண்ணும்போது வேர் ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிடுகிறது. எஞ்சிய அமோனியத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போதும் அமிலம் பிறக்கிறது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் லாஸ், கில்பர்ட் இருவரும் 1856-இல் ஒரு புல்வெளியில் தொடங்கிய பரிசோதனை இன்றும் நடைபெற்று வருகிறது. அங்கே சுண்ணாம்பு இடப்படாமல் அமோனியம் சல்பேட்டு ஆண்டுதோறும் பெற்ற பகுதிகளில் மண் 4-க்கும் கீழே அமிலமாகி, பலவகைச் செடிகள் நிறைந்திருந்த இடத்தில் ஒரு சில புல்வகைகளே எஞ்சின. அமிலம் ஐந்தரைக்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர்நுனிகளை நஞ்சாகத் தாக்கத் தொடங்குகிறது. கால்சியமும் மக்னீசியமும் குறைகின்றன. நீலகிரியின் மண் இயல்பிலேயே அமிலமானது. தேயிலை அதனை விரும்பி வளர்கிறது. உதகையில் நீலமாகப் பூக்கும் ஹைட்ராஞ்சியா, சுண்ணாம்பு மண்ணில் இளஞ்சிவப்பாகப் பூப்பதும் மண்ணில் கரையும் அலுமினியத்தின் லீலையே. இத்தகைய அமில மண்ணுள்ள தொட்டிக்கு டாலமைட் சுண்ணாம்பைச் சிறிதளவு கலந்தால் போதும், சிகிச்சை எளிது.

மண்ணை அளக்கும் முறையும் எளியதே. தொட்டியின் மேற்பரப்பை ஒதுக்கிவிட்டு, வேர்ப்பகுதியிலிருந்து மண்ணெடுத்து உலர்த்தி, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு வடிகட்டிய தூய நீர் சேர்த்துக் கலக்கி, அரைமணி நேரம் வைத்திருந்து, தாளையோ மின்முனை அளவுமானியையோ அதில் இட்டுப் பார்க்க வேண்டும். கிணற்று நீரிலேயே கரைத்து அளந்தால் நீரின் தன்மையும் கலந்து வந்துவிடும். மண்ணில் நேராகக் குத்திப் பார்க்கும் மலிவான முட்கருவிகளை நம்புவதற்கில்லை. அவை ஈரத்துக்கும் உப்புக்கும் தக்கபடி எண்ணை மாற்றிச் சொல்கின்றன. சுண்ணாம்பு இருக்கிறதா என்று மட்டும் அறிய விரும்பினால், உலர்ந்த மண் ஒரு கரண்டியில் சில துளி காடி விட்டுப் பார்க்கலாம். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு உண்டு. சிகிச்சை எவ்வழியில் செல்ல வேண்டும் என்பதை அந்த நுரையே தீர்மானிக்கிறது.

நுரை இல்லாமல் பி.எச். மட்டும் சற்று உயர்ந்திருந்தால் கந்தகம் உதவும். மண்ணில் இட்ட கந்தகத்தூள் தானாக அமிலமாவதில்லை. கந்தகத்தை ஆக்ஸிஜனோடு சேர்த்து ஜீவிக்கும் நுண்ணுயிர்கள் அதனைக் கந்தக அமிலமாக்குகின்றன. அவற்றுள் மிக வலிய ஒன்றை அமெரிக்காவில் வாக்ஸ்மன், ஜோஃபி என்னும் இருவர் 1922-இல் பிரித்தெடுத்து விவரித்தார்கள். உயிரினங்களின் வேலையாதலால் வெப்பமும் ஈரமும் காற்றும் வேண்டும். வாரங்கள், சில வேளை மாதங்கள் செல்லும். ஒரு தொட்டிக்குச் சில கிராமே அளவு. பொறுமையின்றி மீண்டும் மீண்டும் இட்டால், எல்லாம் ஒருசேர அமிலமாகி வேரைச் சுட்டுவிடும்.

நுரை பொங்கும் மண்ணுக்கோ கந்தகம் பயன்படாது என்று உறுதியாகச் சொல்லலாம். 100 கிராம் சுண்ணாம்பைக் கரைத்துத் தீர்க்க 32 கிராம் கந்தகம் வேண்டும் என்பது இரசாயனக் கணக்கு. பத்துக் கிலோ மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு சுண்ணாம்பு இருந்தால் 500 கிராம். அதற்கு 160 கிராம் கந்தகம். இவ்வளவையும் இட்டு, அதனால் விளையும் உப்புச் சுமையையும் தாங்கி எந்தச் செடி பிழைக்கும்? சுண்ணாம்பு முற்றிலும் தீரும்வரை பி.எச். அசையவும் செய்யாது. காடி, எலுமிச்சைச் சாறு, புளித்த மோர் ஆகியவற்றை ஊற்றுவோர்க்கும் இதுவே விடை. அவற்றின் அமிலம் உடனே செலவழிந்துவிடுகிறது, எஞ்சிய உப்பை நுண்ணுயிர்கள் உண்டு முடிக்கும்போது பைகார்பனேட்டே திரும்ப வருகிறது.

அங்கே செய்யத்தக்கது, மண்ணை மாற்றுவது அல்லது மண்ணைத் தவிர்த்து இலை வழியே இரும்பைக் கொடுப்பது. பிந்தியது புதிய தந்திரம் அன்று. பிரான்ஸ் தேசத்து யூஸெப் க்ரீ என்பவர் 1840-களிலேயே வெளிறிய செடிகளுக்கு இரும்பு உப்பைக் கொடுத்துப் பசுமை திரும்பச் செய்து காட்டினார். நம் நாட்டில் அன்னபேதி என்று வழங்கும் ஃபெர்ரஸ் சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, மல்லிகை வெளிறும்போது இலைகளில் தெளிக்கும் வழக்கம் விவசாயிகளிடையே நிலைபெற்றிருக்கிறது. கரைசலை அன்றன்றே தயாரித்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். வைத்திருந்தால் பழுப்பாக மாறிப் பயனற்றுப் போகும், தரையில் சிந்தினால் துருக்கறை படியும். இதே அன்னபேதியைச் சுண்ணாம்பு மண்ணில் வெறுமனே இட்டால், கரைந்த வேகத்தில் துருவாக மாறி, முன்பே கிடக்கும் முந்நூறு கிராமோடு இன்னும் சில கிராம் சேருகிறது. நன்கு மக்கிய தொழு உரத்தோடு கலந்து வைத்தால் ஓரளவு நிற்கும். சீலேட் என்ற பெயரில், கரிமப் பொருளால் கவ்விப் பிடிக்கப்பட்ட இரும்பும் கடைகளில் கிடைக்கிறது. அதிலும் வகை அறிந்து வாங்க வேண்டும். மலிவான ஈ.டி.டி.ஏ. வகை ஆறரைக்கு மேற்பட்ட மண்ணில் இரும்பைக் கைவிட்டுவிடும். கரைத்தால் இரத்தச் சிவப்பாகத் தோன்றும் ஈ.டி.டி.எச்.ஏ. வகையே கார மண்ணில் நிலைத்து நிற்பது. எந்தச் சிகிச்சையானாலும் முதிர்ந்த மஞ்சள் இலை முழுவதும் பச்சையாகாமல் போகலாம். அதற்குப் பின் பிறக்கும் கொழுந்தைப் பார்த்தே பலனை நிர்ணயிக்க வேண்டும்.

இவையெல்லாம் தற்கால சாந்தியே. மூலத்தைத் திருத்த வேண்டுமானால் நீரைத் திருத்த வேண்டும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் மழைநீர் சேகரிப்பு கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது; அந்த நீரில் ஒரு பகுதியைத் தனியே தேக்கி, கிணற்று நீரோடு சரிபாதி கலந்து ஊற்றினாலும் காரச் சுமை பாதியாகிவிடும். ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக ஊற்றாமல், சில முறைக்கு ஒருமுறை அடித்துளை வழியே தாராளமாக வெளியேறும்படி ஊற்றினால் கரைந்த உப்புக்கள் கழுவப்பட்டு வெளியே செல்லும். மாரிக்காலத்தில் தொட்டிகளை மழையில் நனையவிடுவது இதற்கு மிகச் சிறந்த வழி. முன்பே படிந்துவிட்ட சுண்ணாம்பு இதனால் போகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

செடியைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு சிகிச்சையே என்பதற்குத் திராட்சையின் சரித்திரம் சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி அழித்தபோது, அதனைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சையின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித் தப்பினார்கள். ஆனால் கோன்யாக் முதலிய சுண்ணாம்பு நிலங்களில் அந்த ஒட்டுக்கொடிகள் வெளிறி மடிந்தன. 1887-இல் பியேர் வியாலா என்னும் பிரெஞ்சு அறிஞர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, டெக்ஸஸில் வாழ்ந்த மன்ஸன் என்னும் திராட்சை நிபுணரின் துணையோடு, அங்குள்ள சுண்ணாம்புக் குன்றுகளில் இயற்கையாகவே பசுமை மாறாமல் வளரும் பெர்லாண்டியரி என்ற காட்டுத் திராட்சையைக் கண்டார். இன்று உலகமெங்கும் சுண்ணாம்பு நிலங்களில் திராட்சைக்கு வேராக நிற்பவற்றுள் பல அதன் வழி வந்த கலப்பினங்கள்.

வீட்டுத் தோட்டத்துக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. சுண்ணாம்பு நுரைக்கும் மண்ணைத் தொட்டியிலிருந்து கொட்டிவிட்டு, எலுமிச்சைக்கும் வெட்சிக்கும் சுண்ணாம்பற்ற செம்மண்ணும், உப்புப் போக நன்கு அலசிய தென்னைநார்க் கழிவும், மக்கிய தொழு உரமும் கலந்து புதிதாக நிரப்பலாம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு மாற்றுவது, அந்தக் காலமெல்லாம் உரத்துக்கும் மருந்துக்கும் செலவிடுவதைக் காட்டிலும் சிக்கனம். கொட்டிய பழைய மண்ணையும் எறிய வேண்டியதில்லை. மாதுளையும் கற்றாழையும் அந்தச் சுண்ணாம்பைப் பொருட்படுத்தாமல் அதிலேயே வளரும்.